நரம்பணுவியல் ஆய்வக நுட்புநர்

நரம்பணுவியல் ஆய்வக நுட்புநர் என்பவர் மூளை, தண்டுவடம், நரம்புகள் ஆகியவற்றை ஆராயும் ஆய்வகங்களில் திசுக்களைப் பதப்படுத்துதல், மெல்லிய சீவல்களாக வெட்டுதல், சாயமேற்றுதல், ஆய்வு விலங்குகளைப் பேணுதல், கருவிகளை இயக்குதல், முடிவுகளைப் பதிவு செய்தல் ஆகிய பணிகளைச் செய்யும் பயிற்சி பெற்ற பணியாளர் ஆவார். ஆய்வுக்கான கேள்வியைப் பெரும்பாலும் அறிவியலாளர் வகுக்கின்றார். அக்கேள்விக்கு விடை தரத்தக்க திசுவையும் அளவீட்டையும் உருவாக்கித் தருபவர் நுட்புநர் ஆவார். மூளைத் திசு இறப்புக்குப் பின் விரைவாகச் சிதையக்கூடியது. ஒருமுறை தவறாக வெட்டப்பட்ட பகுதியை மீண்டும் பெற இயலாது. எனவே இத்துறையில் ஓர் ஆய்வு முடிவின் நம்பகத்தன்மை, நுட்புநரின் கைத்திறனையும் நேர்மையான பதிவையும் பெரிதும் சார்ந்துள்ளது.

தமிழ்நாட்டில் மூளைத் திசுவை நாள்தோறும் கையாண்ட பழமையான ஆய்வகங்களுள் ஒன்று, நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாஸ்டியர் ஆய்வு நிலையம் ஆகும். இது வெறிநாய்க்கடி நோய்க்கான (ரேபிசு) தடுப்பூசியை உருவாக்க அமைக்கப்பட்ட நிலையம் ஆகும். அந்நோய் மூளையைத் தாக்குவதாலும், தடுப்பூசியே நெடுங்காலம் மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்டதாலும், அங்குள்ள நுட்புநர்களின் பணி நரம்பணுவியலோடு நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது.

வரலாற்றுப் பின்னணி

நரம்பணுவியலின் தொடக்க கால வளர்ச்சி புதிய கோட்பாடுகளைக் காட்டிலும் புதிய செய்முறைகளால் நிகழ்ந்தது எனலாம். சாயமேற்றப்படாத மூளைச் சீவல் நுண்ணோக்கியில் ஏறக்குறைய நிறமற்றதாகவே தோன்றும். 1873 இல் இத்தாலியரான கமில்லோ கோல்கி, பொட்டாசியம் டைகுரோமேட்டு, வெள்ளி நைத்திரேட்டு ஆகியவற்றைப் பயன்படுத்தி நரம்பணுக்களைக் கருநிறமாக்கும் முறையைக் கண்டறிந்தார். இம்முறையில் திசுவில் உள்ள அணுக்களுள் மிகச் சிலவே சாயம் ஏற்கின்றன. ஆனால் அவை தம் கிளைகள் அனைத்துடனும் முழுமையாகத் தெரிகின்றன. எசுப்பானியரான சான்டியாகோ ரமோன் இ கஹால் இம்முறையை மேம்படுத்தி, நரம்பு மண்டலம் தனித்தனி அணுக்களால் ஆனது என்பதை நிறுவினார். இருவருக்கும் 1906 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. செருமானியரான பிரான்சு நிசில் 1880களில் உருவாக்கிய சாயமேற்றும் முறையின் வழிவந்தவை இன்றும் நாள்தோறும் பயன்படுகின்றன.

கோல்கியின் பாவியா ஆய்வகத்திலேயே அதெல்சி நெகிரி என்பவர், 1903 இல் வெறிநாய்க்கடி நோயால் இறந்த விலங்குகளின் நரம்பணுக்களுக்குள் சிறு உருண்டை வடிவ உள்ளடக்கங்களைக் கண்டார். இவை நெகிரி உடலங்கள் எனப்படுகின்றன. அதுவரை நோயைக் கண்டறிய, இறந்த விலங்கின் மூளைக் கலவையை முயலுக்குச் செலுத்திப் பல நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. நெகிரியின் கண்டுபிடிப்புக்குப் பின் நன்கு சாயமேற்றப்பட்ட ஒரு சீவலைக் கொண்டு ஒரே நாளில் முடிவு கூற இயன்றது.

இவ்வரலாற்றில் நுட்புநர்களின் பெயர்கள் அரிதாகவே இடம்பெறுகின்றன. லூயி பாஸ்டியர் 1885 ஆம் ஆண்டு சூலை 6 ஆம் நாள் ஒன்பது வயதுச் சிறுவன் சோசப் மைசுட்டருக்கு அளிக்கத் தொடங்கிய தடுப்பு மருந்து, நோயுற்ற முயல்களின் தண்டுவடத்தைக் குடுவைகளில் தொங்கவிட்டு உலர்த்திச் செய்யப்பட்டதாகும். உலர்த்திய நாட்கள் கூடக் கூட அதன் வீரியம் குறையும். எந்தக் குடுவை எத்தனை நாள் ஆனது என்னும் கணக்கு பிழைத்திருந்தால் சிறுவனின் உயிருக்கே ஆபத்து நேர்ந்திருக்கும். அவ்வாய்வகத்தில் பணியாற்றிய உதவியாளர்களுள் இயூசேன் வியாலா என்பவரின் பெயர் மட்டும் ஓரளவு அறியப்பட்டுள்ளது.

பணிகள்

பதப்படுத்தல்

மனித மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடை கொண்டது. புதிய மூளை, இறுகாத தயிரைப் போல் எளிதில் உருக்குலையும். அதனை உறுதிப்படுத்த 10 விழுக்காட்டுப் பார்மலின் கரைசலில் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் வைப்பது வழக்கம். பார்மலின் மெதுவாகவே உள்ளே ஊடுருவுவதால், புறப்பகுதி உறுதியடைந்த பின்னும் உட்பகுதி சிதைந்துகொண்டிருக்கக்கூடும். எலி போன்ற சிறு விலங்குகளில், ஆழ்ந்த மயக்க நிலையில் இதயத்தின் வழியே கரைசலைச் செலுத்தி மூளை முழுவதையும் ஒரே சீராகப் பதப்படுத்துகின்றனர். இறப்புக்கும் பதப்படுத்தலுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறித்து வைப்பது நுட்புநரின் கடமையாகும்.

வெட்டுதல்

பாரஃபின் மெழுகில் பதிக்கப்பட்ட திசு, நுண்வெட்டி (மைக்ரோடோம்) என்னும் கருவியால் பொதுவாக 5 முதல் 10 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள சீவல்களாக வெட்டப்படுகின்றது. ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்காகும். உறைந்த திசுவை ஏறக்குறைய −20 பாகை செல்சியசு வெப்பநிலையில் இயங்கும் உறைவெட்டியில் (கிரையோஸ்டாட்) 20 மைக்ரோமீட்டரோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ தடிப்புள்ள சீவல்களாக வெட்டுவர். அலகு மழுங்கினால் சீவலில் கோடுகள் விழும். வெப்பம் சற்று ஏறினால் சீவல் கசங்கி ஒட்டிக்கொள்ளும். மென்மையான தூரிகையால் சீவலை எடுத்துச் சுருக்கமின்றிக் கண்ணாடித் தகட்டில் பரப்புவது பல மாதப் பயிற்சிக்குப் பின்னரே கைவரும். சீவல்களின் வரிசை எண் மாறிவிட்டால், அவற்றைக் கொண்டு மூளையின் முப்பரிமாண அமைப்பை மீளக் கட்டமைக்க இயலாது.

சாயமேற்றல்

கிரெசில் ஊதா என்னும் சாயம் நரம்பணுக்களின் உடலைக் காட்டும். லக்சால் நீலம், நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையைக் காட்டும். குறிப்பிட்ட ஒரு புரதம் எங்குள்ளது என அறிய, அதனோடு மட்டும் பிணையும் எதிர்ப்பொருள் பயன்படுத்தப்படுகின்றது. ஒவ்வொரு முறையும் ஆய்வுக்குரிய தகடுகளுடன், முடிவு முன்பே தெரிந்த தகடுகளும் சேர்த்துச் சாயமேற்றப்படுகின்றன. இவை கட்டுப்பாட்டுத் தகடுகள் எனப்படும். அவற்றில் எதிர்பார்த்த முடிவு வராவிட்டால், அன்றைய தகடுகள் அனைத்தும் ஒதுக்கப்பட வேண்டும்.

உயிருள்ள திசுவும் விலங்குகளும்

நரம்பணுவின் மின் நிகழ்வுகளை அளக்க, ஏறத்தாழ 300 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள மூளைச் சீவல்களைச் சில மணி நேரம் உயிருடன் வைத்திருக்க வேண்டும். இதற்கென மூளைத் தண்டுவட நீரை ஒத்த உப்புக் கரைசலைத் தயாரித்து, அதில் 95 விழுக்காடு ஆக்சிசனும் 5 விழுக்காடு கரியமில வாயுவும் கலந்த வளிமத்தைச் செலுத்துவர். 1976 இல் எர்வின் நேயர், பெர்ட் சாக்மான் ஆகியோர் அறிமுகப்படுத்திய ஒட்டுப்பிடி முறையில், நுனி ஒரு மைக்ரோமீட்டர் அளவே உள்ள கண்ணாடிக் குழலை அணுவின் சவ்வில் ஒட்டவைத்து, ஒற்றை அயனிக் கால்வாயின் மின்னோட்டத்தையும் அளக்க முடிகின்றது. கரைசலில் ஓர் உப்பின் அளவு பிழைத்தால் அன்றைய அளவீடுகள் முழுவதும் பயனற்றுப் போகும்.

இந்தியாவில் ஆய்வு விலங்குகளைக் கையாளுதல், 1960 ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்படுகின்றது. ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ள விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இன்றிச் சோதனை தொடங்கக் கூடாது. விலங்கின் உணவு, எடை, நோய்க்குறி ஆகியவற்றை நாள்தோறும் கவனிப்பவர் நுட்புநர் என்பதால், அதன் துன்பத்தை முதலில் அறிபவரும் அவரே ஆவார்.

குன்னூர் பாஸ்டியர் ஆய்வு நிலையம்

தோற்றம்

1902 இல் லில்லி பாக்கன்காம் வால்சு என்னும் இளம் ஆங்கிலேயப் பெண், தென்னிந்தியாவில் சிகிச்சை வசதி இன்மையால் வெறிநாய்க்கடி நோய்க்கு இரையானார். அக்காலத்தில் இந்தியாவில் இதற்கான சிகிச்சை நிலையம் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் மட்டுமே 1900 முதல் இயங்கி வந்தது. நோய் அரும்புமுன் அங்குச் சென்று சேர்வது தென்னிந்தியர் பலருக்கு இயலாத செயலாக இருந்தது. அமெரிக்க வள்ளலான என்றி பிப்சு அளித்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு 1907 இல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டியர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இது 1977 இல் இந்திய பாஸ்டியர் ஆய்வு நிலையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. கசௌலி, குன்னூர் ஆகிய இரண்டும் மலைநகரங்கள் என்பது குறிப்பிடத்தக்கது. குளிரூட்டும் கருவிகள் பரவலாக இல்லாத காலத்தில், மலைக் குளிர் உயிரிப்பொருட்களைக் கெடாமல் வைக்க உதவியது.

ஊட்டச்சத்துக் குறைபாட்டால் நரம்புகள் பாதிக்கப்படும் பெரிபெரி நோய் குறித்த ஆய்வும் 1918 இல் ராபர்ட் மெக்காரிசன் தலைமையில் இந்நிலையத்தின் ஓர் அறையில் தொடங்கியது. இவ்வாய்வுப் பிரிவே பின்னர் வளர்ந்து, 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.

மூளைத் திசுத் தடுப்பூசி

1911 இல் டேவிட் செம்பிள் என்பவர் கசௌலியில் புதிய தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார். செம்மறி ஆட்டின் மூளையில் தீநுண்மியைச் (வைரசு) செலுத்தி, ஆடு நோயுற்றதும் அதன் மூளையை எடுத்து அரைத்து, பீனால் சேர்த்துத் தீநுண்மியைச் செயலிழக்கச் செய்வது இம்முறையாகும். குன்னூரிலும் இம்முறையில் நெடுங்காலம் தடுப்பூசி தயாரிக்கப்பட்டது. மூளையை மாசு படாமல் எடுத்தல், சவ்வுகளை நீக்குதல், எடையிடுதல், அரைத்தல், வடிகட்டுதல், நுண்ணுயிர்க் கலப்பு உள்ளதா எனச் சோதித்தல், சுண்டெலிகளில் வீரியத்தை அளத்தல் ஆகியவை நுட்புநர்களின் அன்றாடப் பணிகளாயின. 'நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி' எனத் தமிழ்நாட்டில் முதியவர்கள் இன்றும் நினைவுகூர்வது இத்தடுப்பூசியையே ஆகும்.

இத்தடுப்பூசி பலரின் உயிரைக் காத்தது. எனினும் ஊசி பெற்றவர்களுள் சிலருக்குக் கைகால் வாதமும் மூளை அழற்சியும் ஏற்பட்டன. இதற்குக் காரணம் தீநுண்மி மட்டுமன்று என்பது மெல்ல மெல்லவே தெளிவாயிற்று. 1933 இல் அமெரிக்காவில் தாமசு ரிவர்சும் அவருடைய குழுவினரும், தீநுண்மி அறவே இல்லாத இயல்பான மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தியபோதும் மயலின் உறை அழிவதைக் காட்டினர். 1987 இல் தாய்லாந்து நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு, மயலின் அடிப்படைப் புரதத்துக்கு எதிரான உடலின் எதிர்வினையே இதற்குக் காரணம் என்பதற்குச் சான்று அளித்தது. அதாவது, ஊசியில் கலந்திருந்த ஆட்டின் மயலினுக்கு எதிராக எழுந்த எதிர்வினை, நோயாளியின் சொந்த மயலினையும் தாக்கியது. பன்முகத் திசு இறுக்க நோயை ஆராய இன்று உலகெங்கும் பயன்படும் விலங்கு மாதிரி, 1933 ஆம் ஆண்டின் அச்சோதனையிலிருந்து தோன்றியதே ஆகும்.

இந்தியாவில் நரம்புத் திசுத் தடுப்பூசியின் உற்பத்தி 2004 ஆம் ஆண்டு திசம்பரில் நிறுத்தப்பட்டது. வீரோ எனப்படும் குரங்குச் சிறுநீரக அணுக்களில் வளர்க்கப்பட்ட தீநுண்மியைக் கொண்டு குன்னூரிலும் தடுப்பூசி உருவாக்கப்பட்டது. இன்றைய தடுப்பூசிகளில் மூளைத் திசு இல்லை. அவை கையின் தசையிலோ தோலிலோ சில தவணைகளாகச் செலுத்தப்படுகின்றன.

ஒரு மாதிரியின் பயணம்

நுட்புநரின் பணி எத்தகைய விளைவுகளைக் கொண்டது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நீலகிரியின் மேற்குப் பகுதியில், பந்தலூர் வட்டத்தில் உள்ள நெல்லியாளத்தின் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் சிறுவனொருவனை நாய் கடித்துவிட்டது எனவும், அந்நாய் இரண்டாம் நாளில் இறந்துவிட்டது எனவும் கொள்வோம். புண்ணை உடனே சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் ஓடும் நீரில் கழுவுதலும், காலந்தாழ்த்தாமல் தடுப்பூசி பெறுதலும், தேவையெனில் எதிர்ப்பொருள் ஊசி பெறுதலும் இன்றியமையாதவை. ஆய்வக முடிவுக்காகச் சிகிச்சையை ஒத்திவைக்கக் கூடாது. ஏனெனில் நோய்க்குறிகள் தோன்றிய பின் இந்நோயிலிருந்து பிழைத்தவர்கள் மிகமிக அரியர்.

ஆயினும் நாயின் மூளையைச் சோதிப்பது பயனுடையதாகும். அந்நாய் கடித்த அல்லது நக்கிய பிறரைத் தேடிக் கண்டறியவும், அப்பகுதி நாய்களுக்குத் தடுப்பூசி போடவும் அம்முடிவு வழிகாட்டும். மாதிரியைக் கசியாத கலனில் இட்டு, பனிக்கட்டியுடன் அடைத்து, கூடலூர் வழியான மலைப்பாதையில் ஆய்வகத்துக்கு அனுப்பச் சில மணி நேரமாகும். வெயிலில் கிடந்த உடலிலிருந்து எடுக்கப்பட்ட மூளை அதற்குள் அழுகியும் போகலாம்.

ஆய்வகத்தில் நுட்புநர் மூளைத்தண்டு, சிறுமூளை ஆகியவற்றிலிருந்தும், நினைவுக்குரிய பகுதியான இப்போகாம்பசிலிருந்தும் சிறு துண்டுகளை எடுக்கின்றார். தீநுண்மி நரம்புகளின் வழியே தண்டுவடத்தை அடைந்து, அங்கிருந்து மூளைக்கு ஏறுவதால் மூளைத்தண்டு முதன்மையானதாகும். துண்டைக் கண்ணாடித் தகட்டில் மெல்ல ஒற்றி, குளிர்ந்த அசிட்டோனில் பதப்படுத்தி, ஒளிரும் சாயம் இணைக்கப்பட்ட எதிர்ப்பொருளை அதன்மேல் இடுகின்றார். பின் கழுவி, ஒளிர்வு நுண்ணோக்கியில் நோக்கும்போது, தீநுண்மி இருந்தால் ஆப்பிள் பச்சை நிறத்தில் புள்ளிகள் ஒளிரும். 1958 இல் அறிமுகமான இந்த ஒளிர் எதிர்ப்பொருள் சோதனை, நெகிரி உடலங்களைத் தேடும் பழைய முறையைக் காட்டிலும் நம்பத்தக்கது. நோயுற்ற விலங்குகள் அனைத்திலும் நெகிரி உடலங்கள் தோன்றுவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

இங்கு எழக்கூடிய முதன்மையான பிழை, 'நோய் இல்லை' என்பதையும் 'காண இயலவில்லை' என்பதையும் ஒன்றாகக் கருதுதல் ஆகும். மூளைத்தண்டு கிடைக்காமல் வேறொரு பகுதி மட்டும் சோதிக்கப்பட்டிருந்தாலோ, திசு அழுகியிருந்தாலோ, கட்டுப்பாட்டுத் தகடு ஒளிராதிருந்தாலோ, தகட்டில் பச்சைப் புள்ளிகள் இல்லை என்பதற்குப் பொருள் ஏதுமில்லை. அந்நிலையில் 'மாதிரி ஆய்வுக்குத் தகுதியற்றது' என எழுதுவதே முறையாகும். மேலாளரோ பெற்றோரோ முடிவைக் கேட்டு நெருக்கும் வேளையிலும் இவ்வேறுபாட்டைக் காப்பது நுட்புநரின் பொறுப்பாகும். ஏனைய நரம்பணுவியல் ஆய்வுகளுக்கும் இது பொருந்தும். ஒரு சீவலில் குறிப்பிட்ட அணு காணப்படவில்லை என்று எழுதுமுன், அது இருந்திருந்தால் அச்சீவலில் தெரிந்திருக்குமா எனச் சரிபார்த்தல் வேண்டும்.

பாதுகாப்பு

மூளைத் திசுவைக் கையாளுவோர் எல்லா மாதிரிகளையும் தொற்றுடையனவாகக் கருதியே பணியாற்ற வேண்டும். கையுறை, முகக் காப்பு, உயிரியல் பாதுகாப்புப் பேழை ஆகியவை கட்டாயமாகும். வெறிநாய்க்கடி நோய் ஆய்வகங்களில் பணியேற்குமுன் முன்காப்புத் தடுப்பூசி பெறுவதும், குருதியில் எதிர்ப்பொருள் அளவைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதிப்பதும் நெறியாகும். அவ்வளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகுக்குக் குறைந்தால் ஊக்க ஊசி தேவைப்படும். பார்மலின் ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்துவதுடன் புற்றுநோயையும் விளைவிக்கக்கூடியது. குரூட்சுபெல்ட்-யாக்கோபு நோய்க்குக் காரணமான பிரியான்கள் பார்மலினாலும் அழிவதில்லை என்பதால், அந்நோயாளிகளின் மூளைக்குத் தனி நடைமுறைகள் பின்பற்றப்படுகின்றன.

கல்வியும் பணியிடங்களும்

தமிழ்நாட்டில் மருத்துவ ஆய்வக நுட்பவியலில் பட்டயம் அல்லது இளநிலைப் பட்டம் பெற்றவர்களும், விலங்கியல், உயிர்வேதியியல், உயிர்த் தொழில்நுட்பவியல் பட்டதாரிகளும் இப்பணியில் சேர்கின்றனர். மூளைத் திசுவுக்குரிய தனித்திறன்களைப் பெரும்பாலும் மூத்த நுட்புநரிடம் இருந்து பணியிடத்திலேயே கற்கின்றனர். இந்தியாவில் மருத்துவ ஆய்வக நுட்புநர் உள்ளிட்ட துணைநிலை மருத்துவத் தொழில்களின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்த 2021 இல் தேசிய அளவிலான ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949 இல் யாக்கோபு சாண்டி தொடங்கிய துறை, இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறைகளுள் ஒன்றாகும். பெங்களூர் தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனத்தில் (நிம்ஹான்ஸ்) 1995 முதல் மனித மூளை வங்கி இயங்குகின்றது. அரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆய்வு மையம் உள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சுதா கோபாலகிருட்டிணன் மூளை மையம் 2022 இல் தொடங்கப்பட்டது. இம்மையம் 2024 இல் வெளியிட்ட 'தரணி' என்னும் தொகுப்பில், கருவிலுள்ள மனித மூளையின் 5,132 சீவல்கள் எண்ணிம வடிவில் தரப்பட்டுள்ளன. இத்தகைய தொகுப்பில் ஒவ்வொரு சீவலும் வெட்டி, ஒட்டி, சாயமேற்றி, படமெடுக்கப்பட வேண்டும் என்பதிலிருந்து இப்பணியின் அளவை உணரலாம்.

ஏற்பும் சிக்கல்களும்

நுட்புநர் பணியிடங்களுள் பல, ஆய்வுத் திட்டத்தின் நிதி உள்ளவரை மட்டுமே நீடிக்கும் ஒப்பந்தப் பணிகளாகும். திட்டம் முடிந்து நுட்புநர் விலகும்போது, எழுதி வைக்கப்படாத செய்முறை நுணுக்கங்களும் அவருடன் மறைகின்றன. ஆய்வுக் கட்டுரைகளில் அவர்கள் ஆசிரியராக இடம்பெறாமல் நன்றியுரையில் மட்டும் குறிப்பிடப்படுவது பொதுவான வழக்கம். தரவைத் திரட்டுதல் மட்டுமே ஒருவரை ஆசிரியராக்காது என்பது மருத்துவ இதழ்கள் பல பின்பற்றும் விதியாகும். இக்குறையைப் போக்க, 2014 இல் அறிமுகமான பங்களிப்பு வகைப்பாடு, செய்முறை, தரவுப் பேணல் உள்ளிட்ட 14 வகைப் பணிகளைத் தனித்தனியே குறிப்பிட இடமளிக்கின்றது. ஐக்கிய இராச்சியத்தில் 2017 இல் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் இணைந்து, நுட்புநர்களின் பணிநிலையையும் ஏற்பையும் மேம்படுத்துவதற்கான உறுதிமொழித் திட்டம் ஒன்றைத் தொடங்கின.